ரீகண்டிஷன் கேலிப்பரை வீட்டிலேயே மாட்டலாமா?

தூத்துக்குடியில் கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. அப்பா ஓட்டிய 2003 மாடல் மாருதி ஜென், ஒன்றரை வருடமாக ஷெட்டில் சும்மா நின்றது. இப்போது எடுத்து ஓட்டினால் முன் இடது சக்கரம் கொதிக்கிறது, கருகல் வாடை அடிக்கிறது, வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு "கேலிப்பர் போச்சு" என்று சொல்ல, இரண்டு பக்கத்துக்கும் ரீகண்டிஷன் செய்த (பழையதைப் பிரித்துப் புதுப்பித்த) கேலிப்பர், அதாவது சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் நெரித்து நிறுத்துகிற சாதனம், வாங்கி வைத்திருக்கிறீர்கள். இதை வீட்டிலேயே மாட்டலாமா, பிரேக் விஷயத்தில் கை வைக்கலாமா என்பது கேள்வி.

மாட்டலாம். ஸ்பேனர் பிடித்துப் பழகியவருக்கு இது ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. ஒரு பக்கத்துக்கு இரண்டு போல்ட், ஒரு ஓஸ், அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைக்கு முன்னால் இன்னும் இரண்டு வேலை இருக்கின்றன. கேலிப்பர்தான் கெட்டதா என்று பார்ப்பது ஒன்று. வாங்கி வந்த சாமானை மேஜை மேல் வைத்துச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்துவிட்டால் மாட்டுகிற வேலையில் பெரிதாகத் தப்பு வராது.

முதலில் பழைய கேலிப்பரை விசாரிப்போம். இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, முன் இடது பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்துக்கொண்டு நிற்கிறதா? சரி, இப்போது கேலிப்பரில் இருக்கும் நிப்பிளை, அதாவது ஏர் எடுக்கிற (உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுகிற) அந்தச் சின்னத் திருகை, ரிங் ஸ்பேனரால் அரைச் சுற்று திறந்து பாருங்கள். ஆயில் சர்ரென்று பீய்ச்சிக்கொண்டு வந்து, சக்கரமும் உடனே லேசாகச் சுற்றினால் கேலிப்பர் மேல் குற்றமில்லை. அழுத்தம் மேலே எங்கேயோ திரும்பிப் போக வழியில்லாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. இருபது வருட ரப்பர் ஓஸ் வெளியே பார்க்க நன்றாக இருக்கும். உள்ளே ஊதிப்போய், ஆயிலைப் போக விட்டுத் திரும்பி வர விடாது. பெடலை மிதிக்கும்போது அழுத்தம் தள்ளிக்கொண்டு போய்விடும், காலை எடுத்தால் திரும்புவதற்கு அந்த வேகம் இல்லை. இந்த வயது வண்டிகளில் ஒரு சக்கரம் மட்டும் ஜாம் ஆகிறது என்றால் நான் ஓஸைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். இரண்டு முன் சக்கரமும் சேர்ந்து பிடித்தால், பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தித் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் பக்கம் போக வேண்டும்.

நிப்பிளைத் திறந்தும் சக்கரம் விடவில்லை என்றால் கேலிப்பரோ, அது நகர்கிற ஸ்லைடு பின்களோதான் காரணம். ஜென்னில் இருப்பது ஒரே பிஸ்டன் கொண்ட கேலிப்பர். பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளும். அந்தத் தள்ளலில் கேலிப்பர் மொத்தமும் இரண்டு பின்கள் மேல் வழுக்கி வந்து வெளிப்பக்கப் பேடை இழுத்துப் பிடிக்கும். பின் துருப்பிடித்து இறுகினால் பிஸ்டன் எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை. உள்பக்கப் பேடு தேய்ந்து, வெளிப்பக்கம் அப்படியே இருந்தாலும், ஒரே பேடு ஒரு முனையில் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தாலும் பின்னை இழுத்துப் பாருங்கள். துருவை எமரி பேப்பரால் வழித்து, பின்னை மூடுகிற ரப்பர் உறையான பூட்டைப் புதிதாகப் போட்டு, பிரேக்குக்கான கிரீஸ் தடவினாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும். கடலோர ஊரில் ஒன்றரை வருடம் அசையாமல் நின்ற வண்டிக்கு இதற்கான வாய்ப்பு அதிகம். "கேலிப்பர் போச்சு" என்று சொன்ன மெக்கானிக் இந்தப் பின்னை இழுத்துப் பார்த்தாரா என்று கேட்டு வையுங்கள்.

சரி, பிஸ்டன்தான் இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது ஏன் இறுகுகிறது என்று தெரிந்தால் ரீகண்டிஷன் கேலிப்பரில் எதைப் பார்க்க வேண்டும் என்பது தானே புரியும்.

பிஸ்டனை உள்ளே இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சிலிண்டர் சுவரில் ஒரு வரிப்பள்ளம் வெட்டி, அதில் சதுர வெட்டு உள்ள ரப்பர் சீல் ஒன்றை உட்கார வைத்திருப்பார்கள். பெடலை மிதித்ததும் பிஸ்டன் வெளியே வரும்போது அந்தச் சீல் பிஸ்டனைப் பிடித்தபடியே கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பெடலை விட்டதும் முறுக்கு அவிழ்ந்து, பிஸ்டனையும் கூடவே இழுத்துக்கொண்டு பழைய நிலைக்கு வரும். ஒரு மில்லிமீட்டரில் ஒரு சின்னப் பங்குதான் அந்த நகர்வு. பேடு டிஸ்க்கை உரசாமல் இருக்க அது போதும். இப்போது அந்தப் பள்ளத்தின் அடியில் துருவும் கசடும் சேர்ந்தால் என்ன ஆகும்? சீலை அடியிலிருந்து மேலே தூக்கும். சீல் பிஸ்டனை நெரிக்கும். முறுக்கவும் இடமில்லை, அவிழவும் இடமில்லை. பிஸ்டன் போன இடத்திலேயே நிற்கும்.

மலிவு ரீகண்டிஷன் வேலையில் நடப்பது இதுதான்: பிஸ்டனைப் பளபளவென்று தேய்ப்பார்கள், புது சீல் போடுவார்கள், மேலே வெள்ளிப் பெயிண்ட் அடிப்பார்கள். பள்ளத்தைச் சுரண்ட மாட்டார்கள். அங்கே உளி மாதிரி ஒரு கருவியை நுழைத்து, மூலை மூலையாகச் சுத்தம் செய்ய வேண்டும். பொறுமை தின்கிற வேலை, வெளியே தெரியவும் தெரியாது. ஆறு மாதத்தில் பழைய தொல்லை திரும்பும்போது கடைக்காரர் ரோட்டைக் குறை சொல்வார்.

அதனால் நீங்கள் வாங்கியதை மாட்டுவதற்கு முன் ஒன்றையாவது திறந்து பாருங்கள். ஓஸ் பூட்டுகிற துளையில் சைக்கிள் பம்ப் அல்லது காலால் மிதிக்கிற பம்பை வைத்து அழுத்தினால் பிஸ்டன் வெளியே வரும். பிஸ்டனுக்கு எதிரே ஒரு மரத்துண்டை வையுங்கள், விரலை வைக்காதீர்கள். கம்ப்ரஸர் காற்று வைத்தால் பிஸ்டன் துப்பாக்கிக் குண்டு மாதிரி வந்து விரலை நசுக்கும். வெளியே வந்த பிஸ்டனை வெயிலில் திருப்பிப் பாருங்கள். சீல் உரசுகிற பகுதியில் குரோம் உரிந்தோ, நகம் தட்டுகிற மாதிரி குழி விழுந்தோ இருந்தால் அந்த பிஸ்டன் ஆகாது. சீலை மூங்கில் குச்சியால் நெம்பி எடுத்து (ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், பள்ளத்தில் கீறல் விழும்) பள்ளத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுத்தமாக உலோக நிறம் தெரிந்தால் செய்தவர் ஒழுங்கானவர், இன்னொன்றையும் நம்பலாம். சிவப்பாகத் தெரிந்தால் இரண்டையும் நீங்களே சுத்தம் செய்து புது கிட் (மாற்று ரப்பர் சீல்களின் பொட்டலம்) போட்டுவிடுங்கள். கிட் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். உண்மையைச் சொன்னால், நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் வண்டியோடு வந்த கேலிப்பருக்கே கிட் போட்டிருப்பேன். அதன் கதை எனக்குத் தெரியும். கடையில் வாங்கியது எந்த வண்டியிலிருந்து வந்தது, எத்தனை முறை பிரித்துப் பூட்டியது என்று யாருக்கும் தெரியாது. வாங்கிவிட்டீர்கள், பரவாயில்லை.

சீல் விஷயத்தில் ஒன்று. நம் ஊர்ப் பட்டறைகளில் எதைக் கழற்றினாலும் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ முக்கிக் கழுவுவது பழக்கம். பிரேக் சீல் ரப்பருக்கு அது விஷம். பெட்ரோல், டீசல், இன்ஜின் ஆயில், சாதா கிரீஸ் எல்லாமே அந்த ரப்பரை ஊத வைக்கும். ஒரு பட்டறையில் என் நண்பரின் கேலிப்பரைப் பிரித்து மண்ணெண்ணெயில் அலசி, துடைக்காமல் கூடப் பூட்டிக் கொடுத்தார்கள். அன்று நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் நான்கு வழிச்சாலையில் சக்கரத்திலிருந்து புகை. பிரித்துப் பார்த்தால் சீல் தண்ணீரில் ஊறிய கொண்டைக்கடலை மாதிரி பருத்துக் கிடந்தது. உலோகத்தைக் கழுவ வேண்டுமானால் பிரேக் கிளீனர் ஸ்பிரே, ரப்பருக்குப் புது பிரேக் ஆயிலே போதும். பூட்டும்போதும் சீலிலும் பிஸ்டனிலும் புது பிரேக் ஆயில் தடவி, விரல் பலத்தில் நேராக அழுத்துங்கள். நேராக இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும். கோணினால் நிற்கும், சுத்தியலைத் தேடாதீர்கள், வெளியே எடுத்துத் திரும்ப வையுங்கள்.

மேஜையில் பார்க்க வேண்டியது இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டு பிஸ்டனின் விட்டத்தையும் வெர்னியரால் அளந்து, கழற்றப்போகும் பழையதோடு ஒப்பிடுங்கள். ஒரே கம்பெனியின் வெவ்வேறு மாடல் கேலிப்பர்கள் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். பிஸ்டன் அளவு மாறினால் பிரேக் பிடிக்கிற பலமும் மாறும், இடமும் வலமும் வேறுபட்டால் வண்டி இழுக்கும். ஓஸ் உட்காருகிற முகத்தில் பெயிண்ட் இருந்தால் சுரண்டி உலோகத்துக்குக் கொண்டுவாருங்கள். பெயிண்ட் மேல் செம்பு வாஷர் உட்கார்ந்தால் பிறகு கசியும். பேடு நகர்கிற பிராக்கெட் விளிம்பிலும் அதே கதை: பெயிண்ட் தடிப்பால் பேடு இறுகி நிற்கும். நிப்பிளை முழுக்கக் கழற்றி, அதன் நுனித் துளை அடைபட்டிருக்கிறதா, மரை சரியாக ஏறுகிறதா என்று பாருங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்த கேலிப்பரில் மணல் உள்வழிகளில் தங்குவதுண்டு. புது பிரேக் ஆயிலை ஊற்றிக் குலுக்கி ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்போது முக்கியமான ஒன்று. எது இடது, எது வலது? நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை கேலிப்பர் மாற்றியபோது இடது வலது மாற்றிப் பூட்டிவிட்டேன். தப்பாகப் பூட்டினாலும் போல்ட் எல்லாம் கச்சிதமாக ஏறும், ஓஸ் எட்டும், பேடு உட்காரும். நிப்பிள் மட்டும் கீழே போய்விடும். காற்று மேலேதான் நிற்கும், கீழே இருக்கும் நிப்பிள் வழியாக எப்படி வரும்? ஒரு லிட்டர் பிரேக் ஆயில் காலி, பெடல் மட்டும் பஞ்சு மாதிரி. மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது என்று முடிவு கட்டி, புதிதாக ஒன்று விலை விசாரிக்கும் அளவுக்குப் போனேன். பக்கத்து வீட்டு ரிட்டயர்டு லாரி டிரைவர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, "தம்பி, நிப்பிள் என்ன தலைகீழா தொங்குது?" என்றார்.

சரி, வண்டிக்கு வருவோம். சமதளமான சிமென்ட் தரை வேண்டும். ஜென்னில் ஹேண்ட் பிரேக் பின் டிரம்முக்குத்தான் போகிறது, அதனால் அதை இழுத்துப் பிடித்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லூஸ் செய்துவிட்டு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை நம்பி வேலை செய்யக் கூடாது, ஜாக்கி ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். செங்கலும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகாது. எடை ஏறினால் சத்தமில்லாமல் பொடியும். கழற்றிய சக்கரத்தைச் சட்டத்துக்கு அடியில் படுக்க வைத்துவிட்டால் அது இரண்டாவது காவல்.

பேடு தூளை வாயால் ஊதாதீர்கள். பழைய பேடில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

ஓஸைக் கழற்றினால் ஆயில் சொட்டிச் சொட்டி, மாஸ்டர் சிலிண்டருக்கு மேலே இருக்கும் பிரேக் ஆயில் டப்பா காலியாகிவிடும், பிறகு மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும் என்பது பெரிய பயம். அதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. பிரேக் பெடலை இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுக்கி, சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து வையுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் உள்ளே இருக்கும் பிஸ்டன் டப்பாவிலிருந்து வரும் துளையைத் தாண்டிவிடும், ஆயில் இறங்காது. அமுக்கி வைத்த நேரம் முழுக்கப் பின் பிரேக் லைட் எரிந்துகொண்டே இருக்கும், அதனால் பேட்டரி நெகடிவ்வைக் கழற்றிவிடுங்கள். ஒருமுறை நான் மறந்து, வேலை முடிந்து பார்த்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை.

ஓஸைப் பிடிக்கிற பேஞ்சோ போல்ட்டை, கேலிப்பர் வண்டியில் இறுக்கமாக இருக்கும்போதே முதல் கால் சுற்று தளர்த்தி, மறுபடி லேசாக மூடிவிடுங்கள். கேலிப்பரைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த போல்ட்டோடு மல்லுக்கட்டினால் ஓஸ் முறுக்கும். அப்புறம் கேலிப்பரின் இரண்டு போல்ட்டுகள். உப்புக்காற்று பட்ட போல்ட், முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து வைத்தால் காலையில் மரியாதையாக வரும். திறந்த வாய் ஸ்பேனர் வேண்டாம், ரிங் அல்லது பாக்ஸ். கேலிப்பரை ஓஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பித்துண்டால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

உலோகக் குழாய் ஓஸோடு சேருகிற நட்டைத் தொட வேண்டாம் என்பது என் பொதுவான அறிவுரை. இருபது வருடத்துத் துருவில் நட்டு குழாயோடு ஒட்டியிருக்கும். திருப்பினால் குழாயும் சேர்ந்து முறுகி உடையும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேலை ஒரு வாரம் ஆகும். ஆனால் முதலில் சொன்ன சோதனையில் ஓஸ்தான் குற்றவாளி என்று தெரிந்தால், அல்லது ஓஸை மடக்கிப் பார்க்கும்போது வெடிப்பு தெரிந்தால், தொட்டுத்தான் ஆக வேண்டும். அப்போது ஃப்ளேர் ஸ்பேனர் என்று குழாய் நட்டுக்கென்றே வாய் வெட்டிய ரிங் ஸ்பேனர் கிடைக்கும், அதை வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் பலர் பழைய ரிங் ஸ்பேனரிலேயே கிரைண்டரால் ஒரு வெட்டுப் போட்டு வைத்திருப்பார்கள்; அதுவும் வேலை செய்யும்.

கேலிப்பர் கழன்ற கையோடு டிஸ்க்கைப் பாருங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டியதுதான். உரசுகிற முகத்தில் உள்ள மேல்துரு ஓட்டத்தில் போய்விடும், குழிவிழுந்த துரு போகாது. புது டிஸ்க் போட்டால் அதன் மேல் தடவியிருக்கும் எண்ணெயைப் பிரேக் கிளீனரால் துடையுங்கள். பேடு எப்போதும் ஜோடியாக, இரண்டு பக்கமும் புதிது. சூட்டில் வெந்த பேடை, தடிமன் இருக்கிறதே என்று திரும்ப மாட்டுவது வீண் சிக்கனம்.

ஸ்லைடு பின்கள் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல கேலிப்பர்களில் ஒன்று வழுவழுப்பாகவும் மற்றது ரப்பர் புஷ்ஷோடும் இருக்கும். எது மேலே எது கீழே என்று கழற்றும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னுக்கு சிலிக்கான் வகை பிரேக் கிரீஸ், மெல்லிய பூச்சாக. அள்ளி அப்பினால் காற்று அடைபட்டுப் பின் உள்ளே போகாமல் துள்ளும்.

புதிதாக மாட்டும்போது ஓஸ் தலையின் இரண்டு பக்கமும் புதுச் செம்பு வாஷர், ஒன்று மேலே ஒன்று கீழே. பழைய வாஷரைத் திருப்பிப் போட்டால் கசியலாம். இறுக்குகிற பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் நல்லது. அளவுகள் வண்டிக்கு வண்டி மாறும், சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்; சின்னக் கார்களில் பேஞ்சோ போல்ட் பெரும்பாலும் 20 முதல் 30 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். நிப்பிளுக்கு அதைவிட மிகக் குறைவு. உள்ளே ஓட்டை உள்ள திருகு அது, கைப்பலத்தைக் காட்டினால் முறிந்து கையில் வரும். பிராக்கெட் போல்ட்டில்தான் பலம் காட்ட வேண்டும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, ஓஸ் முறுக்காமல், டயரில் படாமல் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஏர் எடுப்பது. முட்டுக் கொடுத்த கட்டையை எடுத்துவிடுங்கள். டப்பாவில் புது ஆயில் மேல் கோடு வரை. ஆயில் சீல் உடைக்காத புது பாட்டிலாக இருக்க வேண்டும். இந்த ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், உங்கள் கடற்கரை ஊரில் இன்னும் வேகமாக. டாட் 3, டாட் 4 என்பவை பிரேக் ஆயிலின் தர வகைகள். புது டாட் 3 ஆயில் கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஈரம் உறிஞ்சிய அதே ஆயிலுக்குத் தரநிர்ணயம் கேட்பதே 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரமேறினால் 155. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகளை பிரேக் மிதித்தே இறங்குகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்: ஆயில் கொதித்தால் ஆவி, ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும். டாட் 3 உள்ள வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்று எழுதியது மட்டும் வேண்டாம், அது சிலிக்கான், இதோடு சேராது. ஆயில் பெயிண்ட் மேல் பட்டால் உரித்துவிடும். பட்டவுடன் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

முதலில் நிப்பிளைத் திறந்து, ஒரு கண்ணாடி மாதிரி தெரிகிற டியூபை மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் உள்ள பாட்டிலில் முக்கிவிட்டு, டப்பா மூடியைத் திறந்து வைத்து, சும்மா இருங்கள். டீ குடித்துவிட்டு வரலாம். தானாக ஆயில் இறங்கி, பெரும்பாலான காற்றைத் தள்ளிவிடும். நடுநடுவே டப்பாவைப் பாருங்கள், காலியாக விடக் கூடாது. கேலிப்பரை மரச்சுத்தியால் நாலு தட்டுத் தட்டினால் ஒட்டிக்கொண்டிருக்கும் குமிழி மேலே வரும்.

அப்புறம் பெடலில் உட்கார ஓர் ஆள். வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள், ஆனால் முன்கூட்டியே பாஷையைப் பேசி வையுங்கள். "அமுக்கு" என்றால் மெதுவாக அமுக்கி அப்படியே பிடிக்க வேண்டும், பிறகு "அமுக்கிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். நீங்கள் நிப்பிளைத் திறந்து, குமிழி வருவதைப் பார்த்து, மூடிய பிறகுதான் "விடு". மூடுவதற்கு முன் காலை எடுத்தால் வெளிக்காற்று உள்ளே போகும். என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது இந்த வேலைக்கு உட்கார்ந்தான்; செல்போனில் ஒரு கண், பெடலில் ஒரு கால். அன்று மூன்று மணி நேரம் ஆயிற்று.

பெடலுக்கு அடியில் தரையில் ஒரு மரக்கட்டை போட்டு வையுங்கள், பெடல் கடைசி வரை போகாமல் இருக்க. இருபது வருடமாக மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டன் பாதி தூரம்தான் போய் வந்திருக்கிறது. மீதிப் பகுதியில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரை மிதித்தால் சீல் அந்தக் கரடு மேல் உரசிக் கிழியும். கேலிப்பர் மாற்றிய மறுவாரமே மாஸ்டர் சிலிண்டர் போவது இதனால்தான். எல்லாரும் ராசி சரியில்லை என்பார்கள்.

டப்பா காலியாகாமல், முன்பக்கம் மட்டும் திறந்திருந்தால் முன் இரண்டு சக்கரத்துக்கு மட்டும் ஏர் எடுத்தால் போதும். பின் டிரம்மில் உள்ள நிப்பிளை அவசியமில்லாமல் தொடாதீர்கள். அது துருவில் முறியக் காத்திருக்கும். ஏபிஎஸ் உள்ள புதிய வண்டியாக இருந்து, அந்த யூனிட்டுக்குள் காற்று போயிருந்தால், ஸ்கேனர் இல்லாமல் வீட்டில் முடியாமல் போகலாம். உங்கள் வண்டிக்கு அந்தக் கவலை இல்லை.

இவ்வளவு செய்தும் பெடல் பஞ்சாக இருந்தால் நிப்பிள் மேலேதான் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள், நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன். மேலே இருந்தும் காற்று நின்றால், கேலிப்பரைப் பிராக்கெட்டிலிருந்து எடுத்து, பேடுகளுக்கு நடுவே டிஸ்க் தடிமனுக்கு ஒரு மரத்துண்டை வைத்து, நிப்பிள் உச்சியில் வருகிற மாதிரி கையால் சாய்த்துப் பிடித்து ஏர் எடுங்கள். மரத்துண்டு இல்லாமல் மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழும்.

சக்கரம் மாட்டி வண்டியை இறக்கியதும் உடனே எடுக்காதீர்கள். பிஸ்டன் இன்னும் உள்ளே இருக்கலாம், முதல் மிதி தரைக்குப் போகும். பெடல் கெட்டியாகும் வரை நின்ற இடத்திலேயே மிதியுங்கள். எங்கள் வீட்டு இரும்பு கேட்டின் கீழ்க் கம்பி இன்றும் உள்பக்கமாக வளைந்துதான் இருக்கிறது, இந்த வரியை நான் படிக்காத காலத்து ஞாபகம். பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பெடலை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடியுங்கள். ஸ்டார்ட் ஆன நொடியில் பெடல் கொஞ்சம் இறங்குவது பூஸ்டர் வேலை, இயல்பு. அதற்குப் பிறகும் மெல்ல மெல்ல அமுங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் விடுகிறது. ஓஸ் போல்ட்டைச் சுற்றி வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள், ஈரம் இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

ஆள் நடமாட்டமில்லாத ரோட்டில் முதலில் நடை வேகத்தில் நிறுத்திப் பாருங்கள். அது சரியாக இருந்தால் ஐம்பதில் போய்ப் பத்துக்குக் குறைப்பது, முழுக்க நிறுத்தாமல், நடுவே கொஞ்சம் ஓடவிட்டு, ஒரு எட்டு பத்து முறை. புதுப் பேடு டிஸ்க்கில் படிவதற்கு இது. லேசான வாடை வரும், பயப்பட வேண்டாம். வீட்டுக்கு வரும்போது கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் வந்து, இரண்டு முன் சக்கரத்தின் ரிம்மையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே சூடாக இருந்தால் வேலை முடிந்தது. இடது மட்டும் இன்னும் கொதித்தால் நிப்பிளைத் திறந்து பார்க்கிற முதல் சோதனைக்குத் திரும்புங்கள், அநேகமாக ஓஸ்தான்.

மறுநாள் காலை ஆயில் மட்டம், வீல் நட்டு இரண்டையும் பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். பழைய கேலிப்பர்களைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள், ஒரு மழைக்காலம் போகட்டும். கிட் வாங்கி அவற்றையும் பிரித்துச் சுத்தம் செய்து ஒரு துணியில் சுற்றி வைத்துக்கொண்டால், அடுத்த முறை கடைக்குப் போக வேண்டியிருக்காது. வாரத்துக்கு ஒரு முறையாவது அந்த ஜென்னை ஷெட்டிலிருந்து வெளியே எடுத்து நாலு கிலோமீட்டர் ஓட்டுங்கள்.